மூன்று எஸ். சந்திரசேகர்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு ஆய்வேடுதான் காரணம். எழுத்து வேலை மார்கழியிலேயே முடிந்தது. அப்புறம் பத்து நாள் துணைநூற்பட்டியலோடு மல்லுக்கட்டினேன். சிரிக்காமல் கேள்.

நான்காவது இயலில் சி. வி. ராமன் குடும்பம் வருகிறது. அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர், நட்சத்திரங்களை ஆராய்ந்து 1983ல் நோபல் வாங்கியவர். சகோதரி மகனும் எஸ். சந்திரசேகர்தான், இவர் பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் திரவப் படிகங்களில் மூழ்கியவர். முன்னவருக்கு எஸ் என்றால் சுப்ரமணியன், பின்னவருக்கு சிவராமகிருஷ்ணா. இரண்டும் அப்பா பெயர். நம் வழக்கம் நமக்குத் தெரியும், மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் தானாகப் போடும் ஸோட்டெரோ மென்பொருளுக்குத் தெரியுமா?

நான் சோம்பேறித்தனமாக ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள டிஓஐ என்ற அடையாள எண்ணை ஸோட்டெரோவில் ஒட்டி, விவரத்தை அதுவே நிரப்பட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு இதழ் தந்த தரவில் 'எஸ்.' மட்டும், இன்னொன்றில் முழுப்பெயர். ஆளை அதற்குத் தெரியாது, எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. எழுத்து மாறினால் வேறு ஆள் என்று முடிவுகட்டி, வாசகர் குழம்பக்கூடாதே என்று மேற்கோளில் முதற்பெயரையும் சேர்த்துவிடுகிறது. நட்சத்திரக்காரர் 1931ல் வெண்குறுமீன்கள் என்ற சிறு நட்சத்திரங்கள் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். ஆண்டுக்குப் பக்கத்தில் அ, ஆ போட்டு வரவேண்டியவை. எனக்கோ ஒரு இடத்தில் 'எஸ். சந்திரசேகர் 1931', அடுத்த பக்கத்தில் 'சுப்ரமணியன் சந்திரசேகர் 1931' என்று வந்து நின்றன. பட்டியலிலும் அவர் இரண்டு இடத்தில் குடித்தனம்.

அதைவிட மோசம் அடுத்தது. சிவராமகிருஷ்ணாவின் 1977 கட்டுரையும் 'எஸ்.' என்றே பதிவாகியிருந்தது. அதனால் வட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகம், நட்சத்திரக்காரர் பெயரின் கீழே சமர்த்தாக வந்து உட்கார்ந்துகொண்டது. என் நெறியாளர் பென்சிலால் வட்டம் போட்டு, "இவர் எப்போது துறை மாறினார்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். மானம் போயிற்று. நூலக அட்டவணையில் சரிபார்க்கப் போனால் மூன்றாவதாக ஒருவர்: மக்கள்தொகை அறிஞர் ஸ்ரீபதி சந்திரசேகர், 1967ல் மத்திய சுகாதார அமைச்சரானவர். நல்லவேளை, அவர் என் ஆய்வேட்டுக்குள் வரவில்லை.

முதற்பெயர் சேர்க்கும் வசதியையே நிறுத்திவிடு என்று இங்கே ஒரு பையன் யோசனை சொன்னான். நான் கேட்கவில்லை. நிறுத்தினால் இரண்டு உறவுக்காரர்களும் மறுபடி ஒருவராகிவிடுவார்கள். அது செய்தது சரியான வேலைதான், நான் கொடுத்த பெயர்கள்தான் தப்பு. வேர்டு கோப்பில் கையால் திருத்திப் பார்த்ததும் முட்டாள்தனம். ஒரு மேற்கோளைக் கையால் தொட்டுவிட்டால் அப்புறம் அது தானாக மாறாது. பதினேழு இடத்தில் அப்படிச் செய்து பதினேழையும் பழையபடி மீட்டேன். கடைசியில் சேகரிப்பையே ஆசிரியர் வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பதிவாகத் திறந்து, ஒருவருக்கு ஒரே வடிவம் என்று முழுப்பெயரை எழுதினேன். ஒரு சாயங்கால வேலை. புள்ளி, இடைவெளிகூட ஒன்றுபோல இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அட்டையில் அச்சிட்டபடிதான் பெயர் இருக்கவேண்டும் என்று நீ சண்டைக்கு வருவாய். வா, ஆனால் நான் மாற்றமாட்டேன்.

இப்போதெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் ஆர்கிட் என்ற தனி அடையாள எண் வாங்கிவிடுகிறார்கள். 16 இலக்கம், பெயர் எப்படி இருந்தாலும் ஆள் ஒருவர். 2012ல்தான் அது வந்தது. என் ஆட்களில் பாதிப்பேர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, நீ அனுப்பிய பிப்டெக் கோப்பை, அதுதான் துணைநூல் விவரங்களை எழுதிவைக்கும் கோப்பை, பார்த்தேன். அந்த 1977 கட்டுரைக்கு மூன்று ஆசிரியர்கள்: சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ். நீ நடுவில் கமா போட்டிருக்கிறாய். பிப்டெக்குக்கு ஆசிரியர்களைப் பிரிப்பது 'அண்ட்' (and) என்ற சொல் மட்டும்தான். இரண்டு கமா கண்டால் குடும்பப்பெயர், ஜூனியர், முதற்பெயர் என்று அது படிக்கும். ஆக உன் கணக்கில் சதாசிவா ஜூனியர் ஆகிவிட்டார், சுரேஷ் முதற்பெயர் ஆகிவிட்டார், மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஆள்! பிழைச்செய்தியும் வராது, அதுதான் கொடுமை. இன்னொரு பதிவில் பள்ளிச் சான்றிதழில் எழுதுவதுபோல இனிஷியலைப் பின்னால் போட்டிருந்தாய். கமா இல்லாவிட்டால் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். பாவம், அவர் குடும்பமே 'எஸ்' ஆகிவிட்டது. இரண்டையும் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? சித்திரையில் ஊருக்கு வருகிறேன், இருப்பாயா?

நன்றியுரையில் உன் பெயரைச் சேர்த்திருக்கிறேன். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று உடனே ஒரு வரி எழுது, வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குக் கொடுக்கவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்