இரட்டை லிஃப்ட் முறை

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பி பிளாக் ஒன்பதாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். வேலைக்கு வருபவர்களுக்குத் தனி லிஃப்ட் என்ற விதியைப் பற்றி இரண்டு முறை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. அதனால்தான் திறந்த மடல். சென்னை வேளச்சேரியில் தொடங்கி ஓ.எம்.ஆர். முழுக்க நம்முடையதைப் போன்ற வளாகங்கள்தான். நம் ஊர்க் கதையாக மட்டும் இது இருக்காது என்பதும் ஒரு காரணம்.

போன திங்கட்கிழமை லிஃப்ட் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினீர்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள், கார் துடைப்பவர்கள், டெலிவரிக்கு வருபவர்கள் எல்லோரும் சர்வீஸ் லிஃப்டில் மட்டும்தான் ஏற வேண்டும், மீறினால் சம்பந்தப்பட்ட வீட்டுக்கு 300 ரூபாய் அபராதம். கீழே சங்கத்தின் முத்திரை. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. நம் சங்கத்து நோட்டீஸில் இதுதான் முதல் முறை.

அந்த சர்வீஸ் லிஃப்டுக்குள் உங்களில் யாராவது போயிருக்கிறீர்களா? நான் போனேன். குப்பை டிரம் இறங்குவது அதில். கேஸ் சிலிண்டர் ஏறுவது அதில். யார் வீட்டிலாவது டைல்ஸ் மாற்றினால் சிமென்ட் மூட்டையும் அதில். மின்விசிறி கிடையாது. ஜெனரேட்டர் இணைப்பு மற்ற இரண்டு லிஃப்டுக்குத்தான் உண்டு என்பதால் கரண்ட் போனால் நின்ற இடத்தில் நின்றுவிடும். போன மழைக்காலத்தில் இரண்டு பெண்கள் குப்பை டிரம்மோடு அதற்குள் மாட்டிக்கொண்டார்கள். வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆனது.

பழுதானால் கேட்கவே வேண்டாம். சென்ற மாதம் பதினோரு நாள் ஓடவில்லை. என் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. (பெயர் வேண்டாம். போட்டால் நாளைக்கு கேட்டில் கேள்வி அவருக்குத்தான் வரும்.) சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தவர், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து பஸ் ஏறி வருகிறார். அந்தப் பதினோரு நாளும் ஒன்பது மாடி படியேறி வந்தார். "எங்க பிளாக்குல லிஃப்டு நின்னா நடப்போம்மா. இங்க ஓடிக்கிட்டிருக்கும்போதே நடக்கணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

இது 2020இல் கொரோனாவுக்காக வந்த ஏற்பாடு. 'தற்காலிகமாக' என்று போட்டிருந்தீர்கள். கொரோனா போய்விட்டது, முகக்கவசம் போய்விட்டது, கேட்டில் இருந்த சானிடைசர் ஸ்டாண்டில் இப்போது யாரோ துளசிச் செடி வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் விதி மட்டும் தங்கிவிட்டது. இப்போது அபராதமும் சேர்ந்துகொண்டது.

சுத்தத்துக்காக என்கிறீர்கள். தரையைத் துடைத்துவிட்டு ஈரக்கையோடு வருபவரைவிட, நடைப்பயிற்சி முடித்து வேர்வை சொட்ட வரும் நாம்தான் லிஃப்டை அதிகம் நாறடிக்கிறோம். பாதுகாப்புக்காக என்கிறீர்கள். மூன்று வருடம் முன்பு ஏ பிளாக்கில் ஒரு சங்கிலி காணாமல் போனபோது, வேலைக்கு வரும் அத்தனை பெண்களின் பையையும் கேட்டில் வைத்துக் கொட்டிப் பார்த்தோம். ஒருவர் பையிலிருந்து பழைய சோறும் வறுத்த நெத்திலியும் விழுந்தன. நாலு நாள் கழித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சங்கிலி கிடைத்தது. கிடைத்துவிட்டது என்று குழுவில் செய்தி போட்டார்கள், நாமும் கைகூப்பும் படங்களாகப் போட்டுத் தள்ளினோம். அந்தப் பெண்களிடம் போய் ஒரு வார்த்தை சொன்னது யார்? நானும் சொல்லவில்லை.

காலை எட்டிலிருந்து ஒன்பது வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு லிஃப்டுக்குக் காத்திருக்கிறோமே என்பது மட்டும் நியாயமான குறை. அதற்குக் குப்பை இறக்கும் நேரத்தை மாற்றலாம், மூன்று லிஃப்டையும் எல்லோருக்கும் விடலாம். ஆளைப் பார்த்துப் பிரிக்க வேண்டியதில்லை.

லிஃப்டைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. அதைப் பேச எல்லோருக்கும் கூச்சமாக இருக்கிறது.

காலை ஆறரைக்கு கேட்டுக்குள் நுழையும் ஒரு பெண் நாலு வீடு முடித்து வெளியே போகும்போது மணி இரண்டு. ஏழரை மணி நேரம். இடையில் ஒண்ணுக்கு வந்தால் எங்கே போவார்? ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு கழிவறை இருக்கிறது. வாட்ச்மேன், தோட்டக்காரர், டிரைவர் எல்லோருக்கும் அது ஒன்றுதான். தாழ்ப்பாள் சரியில்லை, அதனால் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே காவல் நிற்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. சித்திரை வெயிலில் என் வீட்டுக்கு வரும் அந்த அம்மாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினால், "வேணாம்மா, அப்புறம் போகணும்" என்பார். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து படுத்துவிட்டார். அந்த இரண்டு முறையும், லீவு போடுகிறாரே என்று நான் சலித்துக்கொண்டேன். நம் வீட்டுக் கழிவறையைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைப்பது அவர்தான். அதற்குள் அவர் தேய்க்கப் போகலாம், போவதற்காகப் போகக் கூடாது. கிளப் ஹவுஸில் இரண்டு கழிவறை பூட்டிக் கிடக்கிறது. தீபாவளிப் பார்ட்டிக்குத்தான் திறப்பு.

கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்களை நினைத்து, நல்ல சட்டம் என்று நாமும் சொன்னோம். வீடு கடை இல்லை, அதனால் அந்தச் சட்டம் நம் வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இலேயே இங்கே நலவாரியம் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 2011இல் இவர்களுக்காக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி தரவில்லை. இதெல்லாம் வந்து நம் லிஃப்ட் கதவைத் திறக்கும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலை விரித்தால் முதலில் கண்ணில் படுவது மூன்று வரி. தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். நம் வளாகத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. என்பதால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர்களும் அதைப் படித்தவர்கள்தான்.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள் நான். டீக்கடையில் கூரையில் செருகிய தனிக் குவளையைப் பார்த்திருக்கிறேன். இரட்டைக் குவளை என்றாலே அது ஏதோ கிராமத்துக் கொடுமை, நாம் அதையெல்லாம் விட்டுவிட்டுப் பட்டணம் வந்துவிட்டோம் என்ற நினைப்பு. ஆனால் என் சமையலறை ஜன்னல் திண்டில் ஒரு நெளிந்த எவர்சில்வர் டம்ளர் பல வருடமாகக் கவிழ்த்து வைத்திருந்தது. என் மருமகள் வந்த புதிதில் அதில் காபி ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அது அவங்களோடதும்மா" என்றேன்.

"ஏன் அத்தை, அதுல என்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். சுத்தம் என்று சொல்லலாமா, பழக்கம் என்று சொல்லலாமா என்று ஒவ்வொன்றாக நாக்கு வரை வந்து திரும்பியது. அன்று அவள் அந்த டம்ளரிலேயே காபி குடித்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டம்ளர் இப்போது மற்ற டம்ளர்களோடு அலமாரியில் இருக்கிறது. அந்த அம்மா இன்னும் அதையேதான் தேடி எடுக்கிறார் என்பது வேறு விஷயம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கீழ்த்தளம் மூழ்கியதே, நினைவிருக்கிறதா? ஜெனரேட்டர் நின்று, மூன்று லிஃப்டும் நின்று, எல்லோரும் ஒரே படியில்தான் ஏறி இறங்கினோம். மேல்மாடிகளுக்குத் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து வந்த வாட்ச்மேன் எந்தப் படியில் ஏற வேண்டும் என்று அன்றைக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

வரும் ஞாயிறு காலை பத்தரைக்குப் பொதுக்குழு. இந்த விதியை எடுப்பது, கிளப் ஹவுஸ் கழிவறையைத் தினமும் திறந்து வைப்பது, சர்வீஸ் லிஃப்டுக்கும் ஜெனரேட்டர் இணைப்புக் கொடுப்பது, இந்த மூன்றையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். கழிவறைச் சாவியை வைத்துக்கொண்டு திறந்து மூடும் வேலையை நானே பார்க்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கும் பெரிதாக வேலை இல்லை.

ஒன்பதாம் மாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸை இன்று காலை நான்தான் கிழித்தேன். சி.சி.டி.வி.யைத் தேட வேண்டாம். அந்த அம்மாவும் நானும் ஒன்றாகத்தான் பெரிய லிஃப்டில் ஏறி வந்தோம். அபராதம் 300 ரூபாயை இந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்து அனுப்புங்கள், ரசீதோடு.

இப்படிக்கு,
பி பிளாக், ஒன்பதாம் மாடி