மூன்று அடியும் தவறியதைப் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

மேலூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். அப்பத்தாவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மேஜ் என்ற மந்திரக்காரியின் மூன்று அடியும் தவறி அவள் செத்துப்போனதும், நீ வெஸ்நாத் என்ற போர் விளையாட்டைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டாய் என்றும், கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது, இனி அதைத் தொடவே மாட்டேன் என்று சூளுரைத்தாய் என்றும் உன் தம்பி சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிரௌசிங் சென்டரில் ஒரே நாற்காலியை இருவரும் பங்கு போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. கணக்குப் போட்டு ஊரையே மடக்கியவன் நீ. நீயா ஒரு மேஜ் செத்ததற்காகக் கணக்கைக் கைவிடுகிறாய்?

மேஜின் மந்திர அடி, எதிரி கோட்டைக்குள் நின்றாலும் மலைமேல் நின்றாலும் எழுபது சதவீதம் படும். ஒரு தாக்குதலில் மூன்று அடி. மூன்றும் தவற வாய்ப்பு ஆயிரத்தில் இருபத்தேழு. கேட்பதற்கு மிகச் சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நீண்ட படையெடுப்பில் மேஜ் நாற்பது முறை தாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அவற்றில் ஒருமுறையாவது மூன்று அடியும் வீணாவதற்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. நடக்கக்கூடிய ஒன்றுதான் நடந்திருக்கிறது. என் சண்டை அதோடு இல்லை, உன்னோடுதான். பொழுது சாய்ந்த நேரத்தில், எதிரிகளான ஓர்க் என்ற அரக்கர்களின் பலம் கால்பங்கு கூடவும் மேஜின் பலம் கால்பங்கு குறையவும் போகிற இரவுக்கு முன்னால், அவளைக் கோட்டையை விட்டுப் புல்வெளிக்கு ஏன் இறக்கினாய்? ஓர்க் வீரனின் வெட்டு ஒன்பது, இரவில் பதினொன்று. மேஜின் உயிரோ இருபத்துநான்கு. தனியே வந்த ஒருவன் இரண்டு முறை வெட்டினாலும் அவள் பெரும்பாலும் பிழைத்திருப்பாள். உன் தம்பி சொன்னபடி பார்த்தால் அங்கே இருவர் வந்து சேர இடம் இருந்திருக்கிறது. அடி பட்டால் என்ன கிடைக்கும் என்று பார்த்த நீ, படாவிட்டால் யார் யார் அவளை நெருங்க முடியும் என்று பார்க்கவில்லை.

உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். நீ ஃபயர் எம்பளத்தில் பழகியவன். 2002-இல் வந்த பாகத்திலிருந்து அந்த விளையாட்டு, அடி படுமா என்று முடிவு செய்ய, ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்த்தது. அதனால் திரையில் தொண்ணூறு என்று காட்டிய அடி உண்மையில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பட்டது. எதிரிக்குப் பத்து என்று காட்டியது இரண்டாகச் சுருங்கியது. 2016-இல் வந்த எக்ஸ்காம் 2, எளிய நிலைகளில் ஆடுபவனின் குறி தொடர்ந்து தவறினால், சொல்லாமலே அடுத்த குறியை உயர்த்திக் கொடுத்தது. தொண்ணூறு என்றால் மனிதன் நிச்சயம் என்று படிக்கிறான். அவன் மனம் நோகாதிருக்க விளையாட்டை ஆக்கியவர்கள் செய்த உபகாரம் அது. எனக்கு அந்த உபகாரம் பிடிக்கவில்லை. எழுபதை எழுபதாகவே காட்டி, எழுபதாகவே தருகிற வெஸ்நாத்தைப் பார்த்து நீ ஏமாற்று என்கிறாயே, உன்னைப் பல ஆண்டுகள் செல்லமாக ஏமாற்றியவை மற்றவைதாம்.

தாயக்கட்டம் ஆடும்போது அப்பத்தா காய் நகர்த்துவதை நீயும் பார்த்திருக்கிறாய். ஒரு பக்கம் வெறுமையும் மற்ற பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் உள்ள இரண்டு பித்தளைக் கட்டைகள். தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பத்துமுறை உருட்டியும் தாயம் விழாமல் போக நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே வாய்ப்பு இருப்பதால், அவர் கட்டையை ஒருபோதும் திட்டியதில்லை. ஒரு காயை மலையில் ஏற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, இரண்டு விழுந்தால் இந்தக் காய், மூன்று விழுந்தால் அந்தக் காய், ஐந்து விழுந்தால் வெட்டு என்று எந்த எண்ணுக்கும் ஒரு வேலை இருக்கும்படி பரப்பி வைப்பார். எதிரே உட்கார்ந்தவர்கள் ஒரே எண்ணை வேண்டிக் கட்டையை உருட்டுவார்கள். வெஸ்நாத்தில் மேஜுக்குப் பின்னால் காயமடையாத ஈட்டிவீரனை நிறுத்துவதும், கொல்லும் அடியைக் கடைசியில் வைக்காமல் முதலில் முயன்று, தவறினால் மற்றவர்களைக் கொண்டு வழியை அடைப்பதும் அதே வேலைதான். சேமித்த இடத்திலிருந்து திரும்பத் திரும்ப ஆடிப் பார்ப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 2012-இல் வந்த எக்ஸ்காம் அந்தக் குறுக்குவழிக்கு இடம் கொடுக்காமல், அதே சூட்டை மீண்டும் சுட்டால் அதே முடிவே வரும்படி தற்செயல் எண்வரிசையையும் சேர்த்துச் சேமித்து வைத்தது. அது சரியென்றே நினைக்கிறேன்.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு உண்மையான காரணம் என் அக்கா மகன். அவனும் இப்போது வெஸ்நாத் ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு, "மாமா, எனக்கு ராசி இல்லை" என்கிறான். ஆட்டத்திலேயே உள்ள புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, எதிர்பார்க்கத்தக்க அடி எவ்வளவு, அவன் உண்மையில் கொடுத்த அடி எவ்வளவு என்று காட்டினேன். எதிர்பார்ப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்திருந்தான். அவன் நம்பவில்லை. எதிரி தவறவிட்ட வெட்டுகளில் ஒன்றுகூட அவன் நினைவில் இல்லை. தன் வீரன் தவறவிட்டவை அத்தனையும் நினைவில் இருக்கின்றன. விளையாட்டோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். பரீட்சையில் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தபோதும் அதே சொல்லைச் சொன்னான். வீட்டில் பெரியவர்கள் ஏழரைச் சனி என்று ஜாதகத்தை எடுத்துவைத்துப் பேசுவதை அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பதினேழு வயதுப் பையன், தன்னை அதிர்ஷ்டம் கெட்டவன் என்று தீர்மானித்துக்கொண்டால், அடுத்த காயை எங்கே நகர்த்துவது என்று யோசிப்பதையே நிறுத்திவிடுவானே என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொல்வதை அவன் மாமன் பேச்சாக எடுத்துக்கொள்கிறான். நீ சொன்னால் கேட்பான். உன்னைத்தான் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நீயே கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று விலகிவிட்டதாக அவன் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

எதிரியின் அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே காட்டிவிடும் இன்டு த பிரீச்சுக்கு நீ போகப்போவதாகவும் கேள்விப்பட்டேன். 2018-இல் வந்த அருமையான ஆட்டம் அது, ஆடு. ஆனால் அங்கே தற்செயலுக்கு இடம் மிகக் குறைவு. என் மருமகனுக்கு நீ காட்ட வேண்டியது அங்கே கிடைக்காது.

வெஸ்நாத், முடிந்த ஆட்டத்தின் ரீப்ளேயை, அதாவது ஆட்டம் முழுவதையும் திரும்பப் பார்க்கும் பதிவை, சேமிப்புக் கோப்புறையில் எழுதி வைப்பதால், நீ விளையாட்டை நீக்கியிருந்தாலும் அந்தக் கோப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மேஜ் செத்த ஆட்டத்தைத் தேடி எனக்கு அனுப்பு. சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது மூவரும் உட்கார்ந்து, அவளைக் கோட்டையிலிருந்து இறக்கிய முறைக்கு முந்தைய முறையில் நிறுத்தி, வேறு எங்கெல்லாம் நிறுத்தியிருக்கலாம் என்று அவனையே சொல்ல வைப்போம். எதிர்சேவைக்கு முந்தைய நாளே வந்துவிடு. அதற்குப் பிறகு இங்கே யாருக்கும் உட்கார நேரம் இருக்காது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை