சம்பந்தத்துக்கு, கூடையோட கிளம்பறதுக்கு முன்னாடி

குடியாத்தம்,
ஐப்பசி 12

டேய் சம்பந்தம்,

இங்க எல்லாரும் சௌக்கியம். மூணு மாசமா பதில் போடலைன்னு திட்டணும்னா திட்டிக்கோ, தண்டபாணி வீட்டு விசேஷத்துக்கு வராததுக்கும் சேர்த்தே திட்டிக்கோ. அதெல்லாம் அப்புறம். முறத்துல காளானைப் பரப்பி நேத்து நீ அனுப்பின படத்தைப் பார்த்துட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போன்ல சொன்னா "சரிடா சரிடா"ன்னு வச்சிடுவே. இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த முறம் அடுப்பங்கரைப் பக்கம் போகக்கூடாது.

"அமிர்தி பக்கம் புத்துக்காளான் கிடைச்சுது, ஞாயித்துக்கிழமை பெரிய கூடையோட போறேன்"னு எழுதியிருக்கே. புத்துக்காளான்னு யாருடா சொன்னது? பக்கத்துல ஒரு புத்து இருந்துச்சு, நீயே பேர் வச்சுட்டே. தவளை வரையச் சொன்னா பல்லி வரைஞ்ச கைதானே.

படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நாலைக் கவுத்து வச்சிருக்கே. பெருசா இருக்கிறதுல, குடைக்கு அடியில புத்தகத் தாள் மாதிரி அடுக்கா இருக்கே மடிப்பு, அதோட ஓரத்துல வெள்ளை வேட்டியில புல்லுக்கறை பட்ட மாதிரி லேசா பச்சை. புத்துக்காளான் மடிப்பு பச்சையாகாது. அது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ்னு ஒரு ஜாதி. மழைக்கப்புறம் புல்தரையிலயும் எரு போட்ட தோட்டத்துலயும் கும்பலா வரும். வெள்ளைக் குடை, நடுவுல பழுப்புச் செதில், காலுல ஒரு வளையம். அந்த வளையத்தை மெதுவா தள்ளினா மோதிரம் மாதிரி மேலேயும் கீழேயும் நகரும். நம்ம மாதிரி வெயில் ஊர்ல காளான் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள்ல நிறையப் பேருக்குக் காரணம் இதுதான். பிஞ்சா இருக்கிறப்போ மடிப்பு சுத்த வெள்ளை, வித்து முத்தினப்புறம்தான் பச்சை ஏறும். புதுசா கிளம்பறவன் பிஞ்சாப் பார்த்துத்தானே பறிக்கிறான், அதான் மாட்டிக்கிறான். தின்னு ஒரு மணியிலேர்ந்து மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி, பேதி புரட்டி எடுக்கும். பெரியவங்க டிரிப்ஸ் ஏத்தினா பெரும்பாலும் தேறிடுவாங்க. குழந்தைங்க உடம்பு தண்ணி வத்தித் துவண்டு போயிடும். தீபாவளிக்கு பேரன் வர்றான்னு எழுதியிருக்கே, ஞாபகம் வச்சுக்கோ.

இதாவது சத்தம் போட்டு வர்ற திருடன். எனக்கு வயித்தைப் பிசைஞ்சது, மூலையில கிடக்கிற அந்த ரெண்டு வெள்ளைக் காளான்தான். அதோட காலைக் கத்தியால தரையோட தரையா நறுக்கியிருக்கே. மண் ஒட்டாம சுத்தமா இருக்கணும்னு பண்ணியிருப்பே. பார்க்க வேண்டியது அந்த மண்ணுக்குள்ளதானே இருந்துச்சு!

உயிரை எடுக்கிற ஜாதியில முக்கியமானது அமானிட்டா. வெள்ளை மடிப்பு, காலுல பாவாடை மாதிரி வளையம், காலோட அடியில முட்டை ஓடு கிழிஞ்ச மாதிரி ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணம் மண்ணுக்குள்ள இருக்கும். தரையோட நறுக்கினா அதை அங்கயே விட்டுட்டு வந்துடுவே. முட்டை பருவத்துல பார்த்தா வெறும் வெள்ளை உருண்டை, உருண்டைக் காளான்னு நினைச்சு எடுத்துடுவாங்க. உச்சியிலேர்ந்து நெடுக்கா ரெண்டா வெட்டிப் பார். உள்ள பன்னு மாதிரி ஒரே வெள்ளையா இருந்தா அது வேற கதை. குட்டிக் குடையும் காலும் கோடு போட்ட மாதிரி தெரிஞ்சா கீழே போட்டுட்டு கையைக் கழுவு. அமானிட்டாவுல நிறைய, தைலமரம், பைன் மாதிரி மரங்களோட வேரோடதான் கூட்டு வச்சிருக்கும். அதனால தைலமரத் தோப்புல வெள்ளைக் காளானைத் தொடவே தொடாதே.

மரமே இல்லாத இடம் பத்திரம்னு நினைச்சுக்காதே. லெப்பியோட்டான்னு பொடி ஜாதி ஒண்ணு இருக்கு. அஞ்சு ரூபாய் நாணயம் அளவு குடை, மேல பழுப்புப் புள்ளி. மட்கின இலை இருந்தா போதும், கொல்லையிலயும் வரும். அமானிட்டாவுல உயிரை எடுக்கிற அதே அமாடாக்சின்ங்கற விஷம் அதுல சிலதுலயும் இருக்கு. அரிசிக் காளான்னு பொடிசா கும்பலா பறிக்கிறாங்களே, அந்தக் கூட்டத்துல ஒண்ணு கலந்தா கண்டுபிடிக்கிறது கஷ்டம். உள்ளங்கையை விடச் சின்னதை ஆரம்பக்காரன் பறிக்கவே கூடாதுங்கறது என் கட்சி.

அப்போ நிஜப் புத்துக்காளான் எப்படி? மண்ணுக்குள்ள கறையான் தேன்கூடு மாதிரி கட்டி வளர்க்கிற பூஞ்சைத் தோட்டத்துலேர்ந்துதான் அது கிளம்பி வரும். அதனால காலுக்குக் கீழே வேர் மாதிரி ஒரு வால் நீளமா இறங்கும், சிலதுல ஒரு முழத்துக்கு மேலயும். இழுத்தா அறுந்துடும், அதனால கடப்பாரையோ களைக்கொத்தோ வச்சு ஒரு பக்கமா தோண்டிக்கிட்டே போகணும். வால் கீழே போய்க் கறையான் கூட்டைத் தொடணும். குடை உச்சியில பம்பரத்து ஆணி மாதிரி ஒரு கூர் குமிழ். கிண்ணம் கிடையாது. இந்த மூணும் சேர்ந்து இருக்கணும், ரெண்டு இருந்தா போதாது. புத்து மேல வளர்றது எல்லாமே புத்துக்காளானும் இல்ல. நம்ம பக்கம் காய்ஞ்ச புத்து மேல முட்டை வச்ச குச்சி மாதிரி, குடையே விரியாத ஒண்ணு வருமே, பொடாக்ஸிஸ். முத்தினா உள்ள கருப்புப் பொடிதான்.

அப்புறம் வித்து அச்சு. இதை எடுக்காம சமைக்கிறவன் என் நண்பனே இல்ல. காலை நறுக்கிட்டு, பாதி வெள்ளை பாதி கருப்பு காகிதத்து மேல குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி வை. குடை மேல ஒரு சொட்டுத் தண்ணி. டம்ளரைக் கவுத்து ராத்திரி முழுக்க விடு, ஃபேன் காத்து படக்கூடாது. காலையில வித்துத் தூள் படிஞ்சிருக்கும். வெளிர் ரோஸ் கலரா இருந்தா புத்துக்காளானுக்குப் பொருந்தும். வெள்ளைன்னா அமானிட்டாவா இருக்கலாம். பச்சைன்னா நம்ம பழைய ஆளு. ரோஸ் வந்துட்டா தின்னலாம்னு இல்ல, ரோஸ் வராட்டி தின்னவே கூடாதுன்னுதான் அர்த்தம். போன்ல படம் காட்டினா பேர் சொல்ற ஆப் வச்சிருக்கியாமே. அதுக்கு மேல இருக்கிற குடைதான் தெரியும். மண்ணுக்குள்ள இருக்கிற கிண்ணத்தை அது எங்கடா பார்க்கும்?

தங்கச்சி சரோஜா கிட்ட தனியா ஒண்ணு சொல்லு. குழம்புல வெள்ளிக்காசு போட்டா கறுக்கும், பூண்டு, மஞ்சள் நிறம் மாறும், புழு அரிச்சிருந்தா விஷமில்ல, ஆடு மேய்ஞ்சா நமக்கும் ஆகும்னு பெரியம்மா சொன்னது எல்லாமே தப்பு. அமாடாக்சின் வெள்ளியை ஒண்ணும் பண்ணாது. எவ்வளவு வேக வச்சாலும் போகாது, காய வச்சாலும் போகாது. ருசியும் காட்டிக் கொடுக்காது. பிழைச்சவங்களே நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. நடுத்தர அளவுல ஒரே ஒரு காளான் ஒரு ஆளைக் கொல்லப் போதும். 2022 ஏப்ரல்ல அசாம்ல காட்டுக்காளான் தின்னு செத்தவங்க பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஜனங்க. வழக்கமா பறிச்சுத் தின்னு பழகினவங்கடா, உன்னை மாதிரி ரிட்டயர் ஆகிக் கூடையைத் தூக்கினவங்க இல்ல.

அந்த விஷம் வேலை செய்யற விதம்தான் கொடுமை. ராத்திரி சாப்பிட்டா ராத்திரி ஒண்ணும் ஆகாது. ஆறிலேர்ந்து பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழிச்சுத்தான் வயிறு கலங்கும். ஹோட்டல் சாம்பார் ஒத்துக்கலைன்னு நினைச்சுப்பே. ரெண்டாம் நாள் வாந்தி நின்னு தேறின மாதிரி இருக்கும், இட்லி கூட இறங்கும். அந்த நேரத்துலதான் கல்லீரல் உள்ள கரைஞ்சுக்கிட்டு இருக்கும். விஷம் பித்தத்தோட குடலுக்கு வந்து, மறுபடி ரத்தத்துல ஏறித் திரும்பத் திரும்பத் தாக்கும். கண்ணு மஞ்சளாகறப்போ பல பேருக்கு மாத்துக் கல்லீரல் தவிர வழி இருக்காது. அதனால காளான் தின்னு ஆறு மணி நேரம் கழிச்சு வயித்தைக் கலக்கினா வீட்டுல சீரகத் தண்ணி வச்சுக்கிட்டு உட்காராதே. தின்ன எல்லாரையும், ஒண்ணும் ஆகாதவங்களையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மிச்சக் குழம்பு, பச்சைக் காளான், வாந்தி எடுத்தது எல்லாத்தையும் எடுத்துக்கோ. எத்தனை மணிக்குத் தின்னோம்னு எழுதிக்கோ. டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையம் 1800 116 117, இலவசம், டாக்டரே கூப்பிட்டுக் கேட்கலாம். சீக்கிரம் வாந்தி வந்துட்டா சாதா விஷம்தான்னும் நம்பாதே. ஒரே கூடையில ரெண்டு ஜாதி கலந்திருந்தா பச்சை மடிப்புக்காரன் முதல்ல கத்துவான், மத்தவன் பின்னாடி வருவான்.

உனக்குன்னே ஒரு ஜாதி இருக்கு. முத்தினா மை மாதிரி கறுத்து ஒழுகும் மைக்காளான். அதுல ஒரு வகையைத் தின்னுட்டு குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். தின்னு மூணு நாள் கழிச்சு ஒரு குவார்ட்டர் அடிச்சாலும் காட்டிக் கொடுத்துடும். சரோஜாவுக்கு இதை மட்டும் படிச்சுக் காட்டாதே.

இன்னொண்ணு, ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவு போன நிலத்துல நல்ல காளானே கிடைச்சாலும் வேண்டாம், மண்ணுல இருக்கிற உலோகத்தை அது உறிஞ்சி வச்சுக்கும். காப்புக்காட்டுல பறிச்சா பாரஸ்ட்காரன் கிட்ட வேற பதில் சொல்லணும்.

நாக்கு கேட்டுச்சுன்னா பால் காளான் வாங்கு, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து ஏபிகே 2 ரகம், கிளிப்பிள்ளை மாதிரி வளர்த்து வித்துக்கிட்டு இருக்காங்க. காட்டுக்காளான்தான் வேணும்னா ஞாயித்துக்கிழமை சமையலுக்கு இல்லாம பார்க்கப் போ. களைக்கொத்து, காகிதப் பை எடுத்துக்கோ, பிளாஸ்டிக்ல போட்டா வேர்த்து அழுகிடும். ஒரு ஜாதியை ஒரு பையிலதான் போடணும். வாலோட தோண்டின ஒண்ணையும், அச்சு எடுத்த காகிதத்தையும் அனுப்பு. முறத்துல இருக்கிறதைக் குழந்தையும் நாயும் தொடாத இடத்துல ஆழமா புதைச்சுட்டு, முறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை போடு.

இப்படிக்கு,
பாண்டுரங்கன்

பி.கு.: அந்த ரெண்டைப் புதைக்கறதுக்கு முன்னாடி, பறிச்ச அதே இடத்துல மண்ணைக் கிளறிப் பார்க்க முடிஞ்சா பார். வெள்ளையா கிண்ணம் மாதிரி எதாவது இருந்தா படம் எடு. கையைக் கழுவு.