பெரியக்காவுக்கு, பிஸ்கட் டப்பாவோடு

அன்புள்ள பெரியக்கா,

அப்பாவின் திதிக்கு இந்த முறை நான் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். உண்மையான காரணம் வேறு, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மகள் போனில் வாசித்துக் காட்டுவாள். வாசிக்கிற மற்றவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும்.

பண்டாரவளையில் காலையிலிருந்து மழை. எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன பேக்கரி. முன்னால் போறணை அடுப்பு, பாண், பணிஸ், எல்லாக் கடையும் போலத்தான். ஆனால் திங்கட்கிழமைகளில் அதை நடத்துகிற அம்மா கடைக்குப் பின்னாலுள்ள தன் வீட்டு அடுப்படியில், கோதுமை மாவே நுழையாத இடத்தில், எனக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் குக்கீஸ் சுடுகிறார். குரக்கன் (கேழ்வரகு) மாவு, அரிசி மாவு, வெண்ணெய், முட்டை, கித்துள் கருப்பட்டி. முந்தின இரவே குழைத்து வைத்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அரிசி மாவு பல்லில் மணலாக நறநறக்கும். கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் என்ற புரதம் இதில் இல்லாததால் வாயில் வைத்ததும் உதிர்கிறது. கருப்பட்டி ஓரத்தில் லேசாகக் கருகிய வாசம். ஒரு கப் பிளேன்டீயோடு இரண்டு தின்னலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு போய்விட்டது. தின்ற பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. அந்த நிம்மதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

ஆறாவதைக் கடிக்கும்போது உங்கள் கை ஞாபகம் வந்தது.

போன திதியன்று வீட்டு முன் இஸ்தோப்பு நிறைய ஆள். நீங்கள் அடுப்படியிலிருந்து சுடச்சுட ரொட்டியோடு வந்தீர்கள். ஒரு துண்டைப் பிய்த்து, கட்டச்சம்பலில் தொட்டு, நான் என்னவோ ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி வாய்க்கு நேரே நீட்டினீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நீங்களே அதை வாயில் போட்டுக்கொண்டு, "மாவுல உப்பு கூடிருச்சு போல" என்றீர்கள். உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும்.

டவுனுக்குப் போனவனுக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை என்று மறுநாளே பேச்சு. யார் தொடங்கியது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அன்றிரவு நடந்ததையும்தான்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எனக்கு ரிப்போர்ட் வந்தது. இரத்தம் எடுத்தார்கள், தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துணுக்கு எடுத்தார்கள். சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்று குளூட்டன் உள்ள தானியம் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். உணவை உறிஞ்சுகிற விரல் போன்ற நுனிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். தின்றது உடம்பில் சேராது. ஆயுள் முழுக்க விலக்கி வைப்பதுதான் வைத்தியம். ஒரு வாய்தானே என்பதெல்லாம் கிடையாது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம், தப்புத்தான். ஆனால் சொன்னால் அடுத்த நிமிடம் நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள் என்று பயந்தேன்: சின்னதில் இவன் தட்டில் ரெண்டு ரொட்டி கூட வைத்தது யார்?

வைத்தீர்கள்தானே அக்கா? வயிறு ஊதி, கைகால் குச்சியாக நின்றவனை "தின்னாத வயிறுதான் வலிக்கும்" என்று திட்டித் திட்டி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறேன் என்று ஒருமுறை அடித்தீர்கள். அந்த அடி இன்னும் எனக்கு ஆறவில்லை. அம்மா போன பிறகு பதினாலு வயதில் படிப்பை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினீர்கள். அரைப்பேர் விழுந்து பாதிச் சம்பளம் வந்த நாளிலும் என் தட்டு குறைந்ததில்லை, உங்கள் தட்டுத்தான் குறைந்தது. இதெல்லாம் தெரிந்தும் கோபம் வருகிறது. இலங்கையில் விளையாத கோதுமை, கப்பலில் வந்து திருகோணமலையில் அரைபட்டு நம் லயத்துக்கு மூன்று வேளைச் சாப்பாடாகிவிட்டது. வேலைக்குப் பேர் கொடுக்கக் காலையில் பெரட்டுக்குப் போகிறவளுக்குப் பகல்வரை வயிறு தாங்க வேறென்ன இருந்தது? தெரிகிறது. தெரிந்தாலும் வருகிறது.

சரி, தைப்பொங்கலுக்கு வருகிறேன். முடிவெடுத்துவிட்டேன். பொங்கல் அரிசிதானே, பயமில்லை. சாம்பாருக்குக் கடைப் பெருங்காயம் மட்டும் வேண்டாம், பலதில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. எனக்கென்று ஒரு சட்டியும் கரண்டியும் கொண்டுவருவேன். அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சுளித்தாலும் நான் திரும்பிப் போகப்போவதில்லை.

திங்கட்கிழமை குக்கீஸ் ஒரு டப்பா கொண்டுவருகிறேன். மூடியை இறுக்கி வையுங்கள், நம் பக்கத்து மூடுபனிக்கு அரை நாளில் நமத்துவிடும். அதில் ஒன்றை உடைத்து எனக்கு ஊட்டுவதாக இருந்தால், ரொட்டி தட்டிய கையை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஊட்டுங்கள்.

உங்கள்
தம்பி