பயனில்லாமல் போன படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், நிறையப் பரிந்துரை பெற்றும் ஆஸ்கர் வாங்காத படங்களைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் ‘தி எலிஃபன்ட் மேன்’ பெயருக்கு நேரே, ‘எட்டுப் பரிந்துரை, ஒரு பயனும் இல்லை’ என்று ஒரே வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1981 ஆஸ்கர் விழாவில் ஒப்பனைக்கென்று தனிப் பிரிவே கிடையாது. எப்போதாவது சிறப்பு விருது கொடுப்பார்கள். இந்தப் படத்தில் உருவம் சிதைந்த மனிதராக நடித்த ஜான் ஹர்ட்டின் முகத்தை அப்படி மாற்றிக் காட்டிய ஒப்பனைக் கலைஞர் கிறிஸ்டோபர் டக்கருக்கு அதையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள், ஆஸ்கர் வழங்கும் அகாடமி மறுத்துவிட்டது. அந்த ஆதங்கம் பெரிதாகித்தான் அடுத்த விழாவிலேயே ஒப்பனைக்குத் தனி விருது வந்தது. முதலில் வாங்கியவர் ரிக் பேக்கர். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட மூன்று பாஃப்டா விருதுகளை (பிரிட்டனின் திரைப்பட விருதுகள்) இந்தப் படம் வாங்கியதும் தெரிந்திருக்கும். அப்புறம் எப்படி ‘ஒரு பயனும் இல்லை’ என்று எழுத மனம் வந்தது?

நான் 31 வருடம் மேடை நாடகங்களுக்கு மேக்கப் போட்டவன். ஒட்டுத்தாடிக்கு ஸ்பிரிட் கம் தடவி அழுத்திப் பிடித்திருக்கும்போது நடிகர் லேசாகச் சிரித்தால் போதும், தாடை ஓரத்தில் முடி கிளம்பிவிடும். துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும். அரை மணி நேர வேலைக்கே இந்தப் பாடு. ஹர்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஏழெட்டு மணி நேரம் ஆகுமாம். நாடகம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எங்கள் உழைப்பு பஞ்சோடு போய்விடும். ஒரு குழுவின் வெள்ளி விழாவில் மைக்செட்காரர் வரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் திரைக்குப் பின்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

தங்கள் நாடக விமர்சனங்களிலும் ஒளி, இசை, அரங்க அமைப்பு எல்லாவற்றுக்கும் பெயர் வருகிறது. ஒப்பனை செய்தவர் பெயர் வருவதில்லை. இரண்டு வருடம் முன்பே இதைப் பற்றி எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று இருந்துவிட்டேன்.

இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. வரும் ஞாயிறு மலரில் அந்த வரியைத் திருத்தி, கிறிஸ்டோபர் டக்கர் என்ற பெயரையும் போடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகன்,
மதுரை.