ஸ்கேன் செய்த ஆய்வேடு திரும்பக் கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்வடிவிலும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்தது. அதன்படி நம் மாநிலப் பல்கலைக்கழகங்களும் காந்திநகரிலுள்ள இன்பிளிப்நெட் என்னும் நூலக வலையமைப்பு மையத்தின் ஷோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடுகளை ஏற்றிவருகின்றன. ஊரில் உட்கார்ந்தபடியே ஆய்வேட்டைப் படிக்க முடிவது மாணவர்களுக்குப் பெரும் உதவி. ஆனால் ஏற்றியதோடு ஆவணக்காப்பு முடிந்துவிட்டது என்ற நினைப்பு பல்கலைக்கழக அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. படிக்கத் தருவது ஒரு வேலை. முப்பது ஆண்டு கழித்தும் அதே கோப்பை ஓர் எழுத்தும் பிசகாமல் எடுத்துத் தருவது இன்னொரு வேலை. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம்தான் இந்த இரண்டாவது வேலையைச் செய்தாக வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளைப் பொறுத்தவரை பெருந்தொல்லை எழுத்துருவில் இருக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை பரவுவதற்கு முன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று தட்டச்சு நிலையத்தில் எது இருந்ததோ அதில்தான் ஆய்வேடுகள் தட்டச்சாயின. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்தப் பிடிஎஃப்பில் 'தமிழ்' என்று தேடினால் எதுவும் அகப்படாது. எழுத்துருவைக் கோப்புக்குள் பொதியாமல் விட்டிருந்தால், வேறு கணினியில் பக்கம் முழுக்க அந்த ஆங்கில எழுத்துகளே வந்து நிற்கும். யூனிகோடையும், தமிழுக்கென வகுத்த டேஸ்-16 என்னும் குறியீட்டு முறையையும் ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010இல் ஆணை வெளியிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருக்கள் உடனே ஒழிந்துவிடவில்லை.

இதை ஆய்வேடு வாங்கும் மேசையிலேயே கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் குப்பையாக வந்தால் ஆய்வாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். யூனிகோடில் அடித்த கோப்பிலும் சில நேரம் 'கொ', 'தோ' போன்றவை உடைந்து, கொம்பு மட்டும் முன்னால் தனியே நிற்கும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களைப் பிடிஎஃப் அடுக்கி வைப்பதால் வரும் கோளாறு அது. எனவே நெடுங்காலக் காப்புக்கான பிடிஎஃப்-ஏ வடிவத்தோடு மூல வேர்டு கோப்பையும் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும்.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது இன்னொரு தவறு நடக்கிறது. முழு உரையையும் எழுத்துரு மாற்றியில் கொட்டினால், இடையிடையே வரும் ஆங்கில நூற்பெயர்களும் இணைய முகவரிகளும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். துணைநூற்பட்டியல் பாழாகும். எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பு வேர்டு கோப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றும் மேக்ரோ என்னும் சிறு நிரல்தான் தேவை. மாற்றி முடித்தாலும் மூலக் கோப்பை அழிக்கவே கூடாது.

அடுத்து, தட்டச்சுப் பொறியிலும் கையெழுத்திலும் உள்ள பழைய ஆய்வேடுகள். இவற்றை ஸ்கேன் செய்ய ஒப்பந்தம் விடும்போது 'பிடிஎஃப் தர வேண்டும்' என்று மட்டும் எழுதினால், ஒப்பந்தக்காரர் இருநிறக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, கறை நீக்கும் வசதியையும் போட்டுக் கொடுத்துவிடுவார். கோப்பு சிறியதாக, பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் அந்த வசதிக்குத் தூசிக்கும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் வேறுபாடு தெரியாது. 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். கார்பன் படியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி, 24 பிட் வண்ணம், சுருக்கப்படாத டிஃப் படக்கோப்பாக மூலப்படி என்று தெளிவாக எழுத வேண்டும். எழுத்து சிறியதாகவோ மங்கியோ இருந்தால் 400 புள்ளி. சுத்தம் செய்வதெல்லாம் வாசகருக்கான படியில் மட்டும். ஏ4 பக்கம் ஒன்று 300 புள்ளியில் ஏறத்தாழ 26 எம்பி. 250 பக்க ஆய்வேடு ஆறரை ஜிபி. ஆயிரம் ஆய்வேடுகளுக்கு ஆறரை டெராபைட். இன்றைய வன்தட்டு விலையில் இது பல்கலைக்கழகத்துக்குப் பாரமில்லை.

பில்லில் கையெழுத்துப் போடும் முன் பக்கங்களை எண்ணியாக வேண்டும். நூலில் உள்ள பக்கம் எத்தனை, படம் எத்தனை என்று இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பின்னட்டைப் பையில் மடித்து வைத்த நிலப்படங்களும் எண் போடாத படத்தாள்களும்தான் வழக்கமாக விடுபடுகின்றன. இறுக்கமாகத் தைத்த கட்டில் உள் ஓரத்து எழுத்துகள் நிழலில் மறைந்துபோகும். பத்துக்கு ஒரு நூல் என்று எடுத்து முதல், நடு, கடைசிப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இந்தக் குறைகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.

பல பல்கலைக்கழகங்கள் டிஸ்பேஸ் மென்பொருளில் சொந்தக் களஞ்சியம் நடத்துகின்றன. இலவசம், நல்ல மென்பொருள். ஆனால் நிறுவும்போது அதிலிருக்கும் 123456789 என்ற மாதிரி முன்னொட்டை (ஆய்வேட்டு முகவரியின் தொடக்கத்தில் வரும் நிறுவன எண்) மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். அது எவர் பெயரிலும் பதிவாகாத எண். அதைக் கொண்டு உருவாகும் 'நிலையான முகவரி' சர்வர் மாறிய மறுநாளே செத்துப்போகும். ஆய்வாளர் அடிக்குறிப்பில் கொடுத்த சுட்டிகள் அத்தனையும் வீண். நிலையான முகவரிகளுக்கான ஹேண்டில் அமைப்பிடம் பதிவு செய்து சொந்த முன்னொட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, காப்புப்படி எடுக்கும் முறை. டிஸ்பேஸ் தன் கோப்புகளுக்கு 38 இலக்க எண்ணைப் பெயராக வைத்து, மூன்றடுக்கு அடைவுகளில் போட்டு வைக்கிறது. எந்த எண் எந்த ஆய்வேடு என்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கிறது. கோப்பு அடைவை மட்டும் நகலெடுத்து, தரவுத்தளத்தை விட்டுவிட்டால், சர்வர் பழுதான அன்று கையில் மிஞ்சுவது பெயரில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகள். இரண்டையும் ஒரே இரவில் சேர்த்து எடுக்க வேண்டும்.

படிகள் மூன்று வேண்டும். இரண்டு வேறு வேறு ஊடகத்தில், ஒன்று வேறு மாவட்டத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புக் குறியீட்டைக் கணித்துத் தனியே வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணித்து ஒப்பிட வேண்டும். ஒரு பிட் மாறியிருந்தாலும் குறியீடு காட்டிக்கொடுத்துவிடும். ஒரே தரவைப் பல வட்டுகளில் சேர்த்து வைக்கும் ரெய்டு அடுக்கு வன்தட்டு இருக்கிறதே என்பார்கள். அது வட்டு பழுதானால் காப்பாற்றும். தவறுதலாக அழித்ததை எல்லா வட்டிலும் சேர்த்தே அழிக்கும். ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, பழைய பதிவுக் குறிப்புகளை அழிக்க வேண்டிய நிரல் ஆய்வுத் தரவுகளையே அழித்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த நிரலின்மேல் புதிய பதிப்பை எழுதியதுதான் காரணம். 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு. மீகணினி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை. இணைப்பிலேயே இருக்கும் நகலை மட்டும் நம்பாமல், ஒரு படியை எல்டிஓ என்னும் காந்த நாடாவில் எழுதிக் கழற்றி வைப்பது அதனால்தான். நாடாவிலும் ஒரு கவனம் தேவை: எல்டிஓ-9 கருவி எட்டாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஏழாம் தலைமுறையைப் படிக்காது. கருவி மாற்றும் ஆண்டிலேயே நாடாவையும் மாற்றி எழுதிவிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருபது ஆய்வேடுகளைக் காப்புப்படியிலிருந்து வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்படியைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதைச் செய்ய ஆள் வேண்டும். இப்போது மின்னாக்கம் பெரும்பாலும் திட்ட நிதியில் நடக்கிறது. திட்டம் முடிந்ததும் தொகுப்பூதியப் பணியாளர் போய்விடுகிறார். நிர்வாகக் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. சர்வர் பராமரிப்பு, இணையப் பெயர் புதுப்பித்தல், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வன்தட்டு மாற்றம் ஆகியவற்றைக் கட்டட வரியைப் போல ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பாகச் சேர்க்க வேண்டும். நூலகத்தில் ஒரு நிரந்தரப் பணியிடத்துக்கு இந்தப் பொறுப்பை எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எந்தத் தேதியில் மீட்டெடுத்துப் பார்த்தீர்கள்?

பணம் வரும்வரை காத்திராமல் இந்த மாதமே தொடங்க வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. ஆய்வேடுகளின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் குறுவட்டுகள். பதிவு செய்யும் சிடியில் தரவு இருக்கும் படலம் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஒட்டிய காகிதச் சீட்டை உரித்தால் படலமும் சேர்ந்து வந்துவிடும். உரிக்காமல் அப்படியே படிக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு நிறுவனக் கருவிகள் இருந்தால் ஒன்று படிக்காததை மற்றது படிக்கலாம். டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல், படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிக்குப் பிறகு திரும்பி வரும். அப்படியும் வராத வட்டுகளின் பட்டியலைத் தனியே எழுதி, அந்த ஆய்வேடுகளின் அச்சுப்படியை ஸ்கேன் வரிசையில் முதலில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நூலகர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி