ண் மேல இருந்த புள்ளி எங்க போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் சின்னதா ஒரு பிரிண்டிங் கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ட்யூஷன் டீச்சருங்களுக்கு வொர்க்‌ஷீட், எல்லாம் மையச் சொட்டுச் சொட்டாத் தெளிக்கிற இங்க்ஜெட் பிரிண்டர்லதான் ஓடுது. போன மாசம் ஒரு அக்கா அவங்க அம்மாவோட 16ஆம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்கக் கொடுத்தாங்க, வாங்கிட்டுப் போனவங்க சாயங்காலமே திரும்பி வந்து "தம்பி, எங்கம்மா பேரு கண்ணம்மா, நீங்க கணணம்மான்னு போட்டிருக்கீங்க"ன்னாங்க. கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருக்கு, பேப்பர்லதான் ண் மேல புள்ளியக் காணோம். பொடி எழுத்து, மை வர்ற பொடித் துளை, அதான் நாசில், நாலஞ்சு அடைச்சிருக்கு, மை மிச்சம் பிடிக்க நானும் டிராஃப்ட்ல போட்டிருக்கேன், பாதித் தப்பு என்னோடதுதான். காசு வாங்காம மறுபடி அடிச்சுக் கொடுத்தேன்.

இத என் அக்கா மககிட்ட சொல்லிப் புலம்பினா, அவ எஞ்சினியரிங் கடைசி வருஷம், அவ புராஜெக்டே இங்க்ஜெட் மைச்சொட்டு எப்படி வருதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்காப் போட்டு ஓட்டிப் பார்க்கிறதுதானாம். "இங்க பாருங்க மாமா"ன்னு லேப்டாப்பத் திறந்தா. ஒரு சொட்டு சுமார் 4 பிக்கோலிட்டர், 1 மில்லிலிட்டர் மையில 250 மில்லியன் சொட்டு வரும், தலைமுடிய விட மெலிசு. அது உருண்டையா வரும்னுதான் இத்தன நாள் நெனச்சிருந்தேன், ஆனா தலைப்பிரட்டை மாதிரி வாலோட வருது, அந்த வால் நீண்டு அறுந்து உதிரிச் சொட்டா சிதறுது. குழாய லேசா திறந்தா தண்ணி கொஞ்ச தூரம் கம்பியா வந்து அப்புறம் முத்து முத்தா உடையும்ல, அதேதான், ரேலின்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1870கள்லயே அதுக்குக் கணக்குப் போட்டு வச்சுட்டார். உதிரி பெரும்பாலும் பெரிய சொட்ட விட மெதுவா வருமாம், அது பேப்பர்ல விழறதுக்குள்ள பிரிண்ட் தலை நகர்ந்துடுது, எழுத்து ஓரத்துல நிழல் மாதிரி படியுது. நான் இத்தன வருஷமா பேப்பர்காரனத் திட்டிக்கிட்டிருந்தேன்!

மை கெட்டியா இருந்தா சொட்டே கிளம்பாது, ரொம்பத் தண்ணியா இருந்தா உதிரி ஜாஸ்தி. நாசிலுக்குப் பின்னாடி பீசோன்னு ஒரு துண்டு இருக்கு, கரண்ட் கொடுத்தா அசைஞ்சு மையத் தள்ளும், அதுக்குக் கரண்ட எத்தன மைக்ரோசெகண்ட் கொடுக்கணும், எப்படி ஏத்தி எப்படி இறக்கணும்ங்கிறதுலயும் விஷயம் இருக்காம். ஒவ்வொண்ணுக்கும் புதுசா பிரிண்ட் தலை செஞ்சு ஹை ஸ்பீட் கேமரா வச்சுப் பார்க்கணும்னா யாருக்குக் கட்டும், இவ நம்பர மாத்தி ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கப் போயிடறா.

பேப்பர்ல விழுந்த அப்புறம் நடக்கிறது தனிக் கதை. கோப்பிக்கடை மேசைல சிந்தின கோப்பி காஞ்சா ஓரத்துல மட்டும் கறுப்பா வட்டம் நிக்குமே, அது ஏன்னு 1997ல சிகாகோ யூனிவர்சிட்டி ஆளுங்க விளக்கினாங்க, ஓரம் சீக்கிரம் காயறதால நடுவுல இருக்கிறது எல்லாம் ஓரத்துக்கு இழுத்துட்டுப் போகுது, மைச்சொட்டுலயும் இதே தொல்லை உண்டு. சாதாப் பேப்பர்னா நார் வழியா மை வேற பரவிடும், அப்ப ண, ழ மாதிரி எழுத்துல சுழிக்குள்ள இருக்கிற வெள்ளை அடைஞ்சு போகுது.

நான் சொல்ல வந்தது இதுதான். அக்கா மக டெஸ்ட்டுக்கு ஓட்டறது எல்லாம் ஒரு கோடு, ஒரு கட்டம், மிஞ்சிப் போனா இங்கிலீஷ் எழுத்து. இங்கிலீஷ்ல ஐ மேல புள்ளி போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது, நமக்குப் புள்ளி போனா 'பல்' 'பல'ன்னு ஆயிடும். பக்கத்து நாசில் எந்தச் சொட்ட கூடப் போட்டா அடைச்ச நாசிலோட இடம் நிரம்பும்னு கணக்குப் பண்ண முடியுமாம், அப்ப அந்தக் கணக்க 9 பாயின்ட் பொடித் தமிழ் எழுத்துல ஏன் சோதிச்சுப் பார்க்கக் கூடாது? நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பிரிண்டர் கம்பெனி எச்பி கூடச் சேர்ந்து 2018லயே டிஜிட்டல் உற்பத்தி ஆய்வுக்கூடம் திறந்தாங்க, சூப்பர் கம்ப்யூட்டர் மையமும் சிங்கப்பூர்லயே இருக்கு, தமிழ் இங்க ஆட்சிமொழி. புராஜெக்ட் பண்ற நம்ம புள்ளைங்க ஒரு தமிழ்ப் பக்கத்த டெஸ்ட்ல சேர்த்துக்கணும். உங்க மாணவர் பக்கத்துலயும் இதப் பத்தி எழுதுங்க சார். மாதிரிக்கு ஏதாச்சும் வேணும்னா என் கடையில புள்ளி போன அட்டை ஒரு கட்டு அப்படியே கெடக்கு, வந்து எடுத்துக்கலாம்.

இப்படிக்கு,
தேக்கா வாசகர் ஒருவர்